யாருடைய காசு, யார் கொடுப்பது?

ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்து ஊர்களில் நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும். அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஆடி மாதம் அவனுக்கு அரசாங்கமே விழா எடுக்கிறது. வடக்கே தகடூரில் அதியமான், அவனும் வள்ளல். ஆக, எங்கள் சேலம் நாமக்கல் சமவெளி இரண்டு வள்ளல்களுக்கு நடுவில் கிடக்கிற பூமி. தமிழ் எம்.ஏ. வகுப்பில் இதைப் பெருமையாகச் சொல்லிக் கொடுப்பார்கள். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை. முருகாற்றுப்படையை விட்டால் மற்ற நான்கிலும் விஷயம் ஒன்றுதான். பரிசில் வாங்கி வருகிற ஓர் ஏழை, எதிரே வருகிற இன்னோர் ஏழைக்கு 'இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார், இன்னது கிடைக்கும்' என்று வழி சொல்கிறான். கொடுத்தவன் பேர் இன்றுவரை நிற்கிறது. வாங்கின பாணனும் கூத்தனும் விறலியும் ஏன் வாங்குகிற இடத்திலேயே நின்றார்கள் என்பது தேர்வில் வருகிற கேள்வி இல்லை.

வளவுகளில் இன்றைக்கும் ஆற்றுப்படை நடந்துகொண்டுதான் இருக்கிறது. "மொதல்ல வி.ஏ.ஓ.வப் பாரு. அப்பறம் ஆர்.ஐ. சாதிச் சான்று, வருமானச் சான்று, ரேசன் கார்டு செராக்ஸ் ரெண்டு. பேங்கு மேனேசரு மத்தியானத்துக்கு மேலதான் ஆளப் பாப்பாரு. ஆபீசுல மூணாவது டேபிள்ல ஒரு அம்மா இருக்கும், அதும்கிட்டச் சொல்லு, நல்ல மனுசி." மாட்டுக்கடன் மானியத்துக்கு அலைந்து முடித்தவர் அலையப் போகிறவருக்குச் சொல்கிற வழி இது. புலவன் சொன்னால் இலக்கியம், நம்ம சனம் சொன்னால் அலைச்சல். அமைப்பு என்னவோ ஒன்றுதான். ஒரு முனையில் கொடுக்கிற நாற்காலி, மறுமுனையில் கைகட்டி நிற்கிற ஆள், நடுவில் வழி தெரிந்தவன்.

இந்த நாற்காலியைப் பற்றித்தான் பேச வேண்டும். மாவட்டத்தில், சென்னைக் கோட்டையில், தில்லியில் என்று மேலே மேலே போகிற நாற்காலி அது. ஆதிதிராவிடர் மேம்பாடு, சமூக மேம்பாடு என்று பெயர் போட்ட பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரம் அதில் உட்கார்ந்தவருக்கு. அவர் செய்வது கொடையா, பிராயச்சித்தமா, பங்கு அளப்பதா? வார்த்தை விளையாட்டு என்று நண்பர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். கொடுப்பதற்கு நாம் என்ன பெயர் வைக்கிறோமோ, அதை வைத்துத்தான் கொடுக்காமல் விடுவதற்கும் பெயர் வைக்க முடியும்.

முதலில் கொடை. திருக்குறளில் ஈகைக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. இரவுக்கு ஓர் அதிகாரம், இரவச்சத்துக்கு ஓர் அதிகாரம் தனித்தனியாக இருக்கிறது. கொடுப்பது அறம், கேட்பது நேர்ந்துவிட்ட துன்பம். இந்த அறத்தில் கொடுக்காதவனைப் பழிக்கலாம், கஞ்சன் எனலாம். கணக்குக் கேட்க முடியாது. அவன் பொருள், அவன் மனசு. ஈகை எவ்வளவு உயர்ந்ததானாலும் வாங்குகிறவனுக்கு அதில் உரிமை கிடையாது. வள்ளலின் வாசல் திறந்தால் உண்டு, சாத்தினால் இல்லை.

எங்கள் பக்கத்து வளவு ஒன்றில் ஒரு பாட்டி இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். வீடு கட்டும் மானியத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருசக்கணக்கில் நடந்தவர். "குடுத்தா அவிங்க புண்ணியம், குடுக்காட்டி நம்ம தலையெழுத்துங்க" என்றார். யோசித்துப் பாருங்கள். கொடுத்தால் புண்ணியம் அதிகாரிக்கு. கொடுக்காவிட்டால் குற்றம் பாட்டியின் தலையில். இந்தக் கணக்கில் நாற்காலிக்கு நஷ்டமே வராது. சாதி இந்து சமூகம் நம் மண்டைக்குள் வைத்துவிட்டுப் போன கணக்கு அது.

இரண்டாவது, பிராயச்சித்தம். 1932இல் பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு காந்தி ஹரிஜன் சேவக் சங்கத்தைத் தொடங்க வைத்தார். அந்த ஆண்டு நவம்பரில் அம்பேத்கர் அதன் செயலாளர் தக்கர் பாபாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தனி மனிதர்களை நல்லவர்களாக்கும் வேலை போதாது, கிணறு, பள்ளிக்கூடம், பொதுவழி என்று குடிமை உரிமைகளுக்காக நேரடியாகப் போராடுங்கள் என்பது அதன் சாரம். சங்கம் அந்த வழியில் போகவில்லை. நிர்வாகத்தில் தீண்டப்படாதோருக்கு இடம் வேண்டும் என்ற கேள்வி பின்னால் வந்தபோது காந்தி தரப்பில் சொல்லப்பட்ட நியாயத்தை, 1945இல் வந்த தன் புத்தகத்தில் அம்பேத்கர் எடுத்துக்காட்டிக் கண்டித்தார். தீண்டாமை இந்துக்களின் பாவம், இந்த வேலை அவர்கள் செய்யும் பிராயச்சித்தம், பணமும் அவர்கள் பணம், அதனால் நடத்த வேண்டியவர்களும் அவர்களே என்பதுதான் அந்த நியாயம்.

இந்த வாதத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொடையைவிட இது ஒரு படி மேல்தான். 'நாங்கள் கடன்பட்டவர்கள்' என்று ஒத்துக்கொள்கிறது. ஆனால் எந்த ஊரில் கடன் வாங்கினவன் தவணையைத் தீர்மானிக்கிறான்? ராசிபுரம் சந்தையில் ஒருத்தன் 'கடன் என்னுது, அதனால எப்போ, எவ்வளவு, யாருக்குத் தர்றதுங்கறத நானே பாத்துக்கறேன்' என்று சொன்னால் சும்மா விடுவார்களா? பிராயச்சித்தம் செய்கிறவனுக்கு முக்கியம் அவனுடைய ஆத்மா. எதிரே நிற்கிறவனின் வயிறு இரண்டாம் பட்சம். பாவம் கழிந்ததாக அவனுக்குத் தோன்றிவிட்டால் கணக்கு முடிந்தது.

மூன்றாவது, பங்கு. இந்தச் சொல் நமக்குப் புதுசு இல்லை. மோட்டார் பம்புசெட் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்துக் கிணறுகளில் கவலை இறைப்பு. அந்தத் தோல் பறியைத் தைத்துக் கொடுத்தது அருந்ததியர் கை. அதற்குக் களத்துமேட்டில் தானியம் அளந்தாக வேண்டும். செங்கல்பட்டுப் பக்கத்துப் பழைய மிராசு ஆவணங்களில், களத்தில் ஊர்த் தொழிலாளிக்கு அளக்க வேண்டிய பங்குக்கு ஒரு பெயர் இருக்கிறது. 'சுதந்திரம்'. ஆமாம், 1947இல் கிடைத்ததாகச் சொல்கிறோமே, அதே சொல். உனக்கு உரியது என்பதுதான் அதன் பொருள். ஆனால் அந்தப் பங்கும் நம் கைக்கு எப்படி வந்தது? துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பண்ணாடியின் முகம் பார்த்து, கடைசி ஆளாக நின்று வாங்கினோம். உழைப்புக்கான பங்கைப் பிச்சை மாதிரி வாங்க வைத்தார்கள். பங்கைக் கொடையாக மாற்றுகிற வித்தை நம் ஊரில் அரசு அலுவலகங்களுக்கு முன்பே இருந்தது. அலுவலகம் அதைக் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

'மானியம்' என்ற சொல்லையும் பாருங்கள். பழைய ஆவணங்களில் மானியம் என்றால் கோயிலுக்கும் பிராமணருக்கும் ஊர் அதிகாரிகளுக்கும் வரியில்லாமல் விட்ட நிலம். அவர்களுக்கு அது மரியாதை. இன்று விவசாயப் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். 1984இல் சிறு விவசாயிகளுக்கு என்று தொடங்கிப் பிறகு எல்லா விவசாயிகளுக்கும் ஆனது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மானியம் கம்பி வழியாக வருகிறது. அதற்காக எந்தப் பண்ணாடியும் மாதாமாதம் மூணாவது டேபிளுக்கு முன்னால் நிற்பதில்லை. நிலம் இருக்கிறவனுக்கு மானியம் கம்பியில் வருகிறது, நிலம் இல்லாதவனுக்கு மனு எழுதினால் வருகிறது. இரண்டும் அரசு கஜானாவின் பணம்தான். ஒன்றுக்கு மட்டும் குனிய வேண்டியிருக்கிறது.

இந்தக் குனிவை நிமிர்த்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே முயன்றவர்கள் உண்டு. அம்பேத்கரே 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். பதவிக்கு வந்த 1942ஆம் ஆண்டிலேயே ஒடுக்கப்பட்ட சாதிகளின் குறைகளை அடுக்கி வைசிராய்க்கு ஒரு மனு கொடுத்தார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசுப் பணம் போகிறது, எங்கள் பிள்ளைகளுக்கு எங்கே என்று கேட்டார். இரக்கம் காட்டுங்கள் என்று கேட்கவில்லை, மற்றவனுக்கு அளந்த மரக்காலால் எனக்கும் அள என்று கேட்டார். அப்படி 1944இல் தொடங்கியதுதான் மெட்ரிக்குக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை. இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் பலர் அந்தப் பணத்தில் படித்தவர்களாக இருப்பார்கள்.

அடுத்தவர் பி.எஸ். கிருஷ்ணன். கேரளத்தில் பிறந்தவர், தலித் அல்லாதவர், 1956இல் ஐ.ஏ.எஸ். ஆகி ஆந்திரப் பிரதேசத்துக்குப் போனவர், 2019இல் காலமானார். இளம் அதிகாரியாக இருந்தபோது முகாம்களைச் சேரிகளிலேயே வைத்தார். மேலதிகாரிகள் அவருடைய ரகசியக் குறிப்பேட்டில் எழுதின குற்றச்சாட்டுகள் சுவாரசியமானவை. தாழ்த்தப்பட்டோர் பக்கம் அளவுக்கு மீறிச் சாய்கிறார், சாதி மறுப்புத் திருமணத்துக்கு வக்காலத்து வாங்குகிறார், கிராம அதிகாரிகள் பேச்சைவிடக் கிராமத்து மக்கள் பேச்சை நம்புகிறார். கல்வியாளர் வசந்தி தேவியோடு அவர் நடத்திய நீண்ட உரையாடல் புத்தகமாக வந்திருக்கிறது. அதில் இதையெல்லாம் அவரே சொல்கிறார்.

ஆனால் அவருடைய நல்ல மனசைப் பாராட்டுவதற்காக நான் அவரை இழுக்கவில்லை. நல்ல மனசு உள்ள அதிகாரிகள் அங்கங்கே இருக்கிறார்கள். அவர் செய்த வேறொன்று முக்கியம். 1978இல் அவர் தில்லியில் உள்துறையின் இணைச் செயலாளர். அதுவரை நிலைமை என்ன? வேளாண்மைத் துறைக்குப் போனால், தொழில் துறைக்குப் போனால், 'உங்களுக்குத்தான் ஹரிஜன நலத்துறை தனியா இருக்குதே, அங்க போ' என்பார்கள். அந்தத் துறையில் விடுதியும் உதவித்தொகையும் போக மிச்சம் அதிகம் இருக்காது. பெரிய அண்டாக்கள் எல்லாம் ஊருக்கு, ஒரு சின்னச் சட்டி சேரிக்கு. கிருஷ்ணன் முன்வைத்த சிறப்புக் கூறுத் திட்டம் இதை மாற்றியது. ஒவ்வொரு துறையும் தன் திட்ட ஒதுக்கீட்டில் தலித் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாமல் அவர்களுக்கென்று பிரித்து வைக்க வேண்டும். நூற்றுக்கு எத்தனை பேரோ அத்தனை பங்கு. 1979 வாக்கில் நடைமுறைக்கு வந்து, ஆறாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் உறுதியானது. 1980இல் அதோடு மத்திய அரசின் சிறப்பு உதவியும் சேர்ந்தது.

ஓர் அதிகாரி தன் நாற்காலியின் வள்ளல் தன்மையைத் தானே குறைத்துக்கொண்டார். யாருக்கு எவ்வளவு என்பதை அவருடைய இரக்கம் தீர்மானிக்கக் கூடாது, மக்கள்தொகைக் கணக்கு தீர்மானிக்கட்டும் என்றார். இரக்கத்தை வாய்ப்பாடாக மாற்றினார். கொடுக்கிற நாற்காலியில் இருக்கிறவர் செய்யக்கூடிய உயர்ந்த அறம் இதுதான் என்பது என் கட்சி. அள்ளிக் கொடுப்பதைவிட, தன் தயவு தேவைப்படாதபடி செய்துவிட்டுப் போவது பெரிது.

சரி, வாய்ப்பாடு வந்த பிறகு என்ன ஆயிற்று? 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு இருபது பேர் தலித்துகள். பட்ஜெட் புத்தகத்தில் இந்தப் பணத்துக்கென்று 789 என்று ஒரு தனிக் கணக்குத் தலைப்பும் உண்டு. ஆனால் அரசு இயந்திரம் மூன்று தந்திரம் கற்றுக்கொண்டது.

ஒன்று, எழுத்தில் மட்டும் பங்கு. ஒரு மேம்பாலம் கட்டுவார்கள். பாலத்தைப் பிரிக்க முடியாது, ஆனால் அதில் தலித்துகளும் போவார்கள் அல்லவா, அதனால் செலவில் இத்தனை விழுக்காடு அவர்களுக்கு என்று எழுதிக்கொள்வார்கள். பாலத்தில் கார் போகும். அடியில் நம்ம ஆள் படுத்திருப்பான். அதுவும் அவனுக்கான செலவில் சேர்ந்துவிடும்.

இரண்டு, திருப்பிவிடுவது. 2010இல் தில்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. தலித் மேம்பாட்டுக்கு ஒதுக்கின பணத்திலிருந்து ஏறத்தாழ 700 கோடி ரூபாய் அந்தப் போட்டி வேலைகளுக்குப் போனது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வெளிக்கொண்டு வந்தார்கள். நாடாளுமன்றத்தில் அரசே ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பிறகு யார் சிறைக்குப் போனார்கள்? இந்தக் குற்றத்துக்காக ஒருவரும் போகவில்லை.

மூன்றாவதுதான் மௌனமான தந்திரம். செலவு செய்யாமலே விடுவது. மார்ச் 31 வந்தால் மிச்சப் பணம் கஜானாவுக்குத் திரும்பும். அலுவலகப் பாஷையில் இதற்குச் 'சரண்டர்' என்று பெயர். யார் யாரிடம் சரணடைந்தார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. 'பயனாளிகள் வரல', 'ஆவணம் சரியில்ல', 'நிதி தாமதமா வந்துச்சு' என்று காரணம் மட்டும் வரும். காரணங்களில் உண்மையும் இருக்கும். மேலிருந்து பணம் பிப்ரவரியில் இறங்கினால் கீழே இருக்கிறவர் என்ன செய்வார்?

இங்கேதான் அறம் சார்ந்த கேள்வி வருகிறது. ஒரு குமாஸ்தா ஐநூறு ரூபாய் லஞ்சம் வாங்கினால் ரசாயனப் பவுடர் தடவிப் பிடிக்கிறார்கள், சஸ்பெண்டு செய்கிறார்கள். சரியாகத்தான் செய்கிறார்கள். ஒரு வருசத்து மேம்பாட்டுப் பணத்தைத் தொடாமல் அப்படியே திருப்பி அனுப்பிய பெரிய அதிகாரிக்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை. 'கை சுத்தமான ஆள்' என்ற பேர்கூட வரும். திருடினால் குற்றம், பட்டினி போட்டால் சிக்கனம்! திருடப்பட்ட பணத்தில் ஒரு பகுதியாவது நம்ம வளவில் மாடாக, ஓடாக வந்து சேர்ந்திருக்கும். சரண்டர் ஆன பணத்தில் அதுவும் இல்லை. லஞ்சத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒன்றைப் பாவமாகவும் மற்றொன்றை நடைமுறையாகவும் பார்க்கிற கண் யாருடைய கண் என்று கேட்கிறேன்.

பணம் கொடையாக இருந்தால் செலவழிக்காதது குற்றமில்லை. வள்ளலுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். பிராயச்சித்தமாக இருந்தால் அது தாமதம். பங்காக இருந்தால்? பாகப்பிரிவினையில் தம்பியின் பங்கைத் தராமல் வைத்திருக்கிற அண்ணனை ஊர் என்ன சொல்லும்? 'நான் எடுத்துத் திங்கலையே, சும்மா வெச்சிருக்கேன்' என்று அவன் சொன்னால் பஞ்சாயத்து ஒத்துக்கொள்ளுமா? அந்த அண்ணனுக்குச் சொல்கிற பெயரைத்தான் இந்த நாற்காலிக்கும் சொல்ல வேண்டும்.

சட்டத்துக்கு இந்த நியாயம் தெரியாது என்று சொல்ல முடியாது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, அந்தச் சட்டப்படி செய்ய வேண்டிய கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருசம் வரை சிறை என்கிறது. தலித் அல்லாத ஊழியருக்கு மட்டும் பொருந்தும். ஆக, புகாரைப் பதியாமல் விடுவது குற்றம் என்பது ஏட்டில் இருக்கிறது. அடித்தவனை விட்டுவைத்தால் குற்றம் என்றால், பிள்ளையின் உதவித்தொகையை நிறுத்திப் படிப்பைக் கெடுத்தால் அது மட்டும் எப்படி வெறும் கோப்புத் தாமதம்?

இதற்கு எதிராகச் சில நியாயங்கள் சொல்வார்கள். அவற்றையும் பார்க்க வேண்டும்.

'அதிகாரி என்ன செய்வார், அவரும் விதிக்குக் கட்டுப்பட்டவர்தானே?' பாதி உண்மை. ஆனால் கிருஷ்ணனுக்கு முன்னாலும் அதே விதிதான் இருந்தது. விதிக்குள் நமக்குச் சாதகமாக ஒரு வரி எழுத இடம் இருக்கிறது. எழுதாமல் விடுவதும் ஒரு முடிவுதான். விதி தானாகக் கையெழுத்துப் போடுவதில்லை.

'உங்க ஆளே அந்தச் சீட்டுல உக்காந்திருக்காரே, அப்பவும் மாறலையே?' இது நம்மை வாயடைக்கக் கேட்கப்படுவது. நம்மவர் உட்கார்ந்தால் நமக்கு ஒரு நெருக்கம், ஒரு தைரியம் வரும். அது வேண்டியதுதான், அந்த இடத்துக்குப் போராடவும் வேண்டும். ஆனால் நம்மவர் என்பதற்காகவே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால் நாமும் வள்ளலைத்தான் தேடுகிறோம், சொந்தச் சாதி வள்ளலை. மற்ற அதிகாரி சாய்ந்தால் கருணை என்பார்கள், நம்மவர் சாய்ந்தால் சாதிப்பற்று என்பார்கள். அந்தப் பயத்திலேயே அவர் கை கட்டப்பட்டிருக்கும். அவருக்கும் துணையாக நிற்கப்போவது கணக்குதான். 'நான் சாயவில்லை, சட்டம் சொன்னதை அளக்கிறேன்' என்று அவர் சொல்ல முடிய வேண்டும்.

பங்கு என்று பேச ஆரம்பித்தால் அந்தச் சொல் நம் பக்கமும் திரும்பும். திரும்பட்டும். எங்கள் மேற்கு மாவட்டங்களில் கடைசியில் நிற்பவர்கள் அருந்ததியர்கள். 2009இல் தமிழ்நாட்டில் பதினெட்டு விழுக்காட்டுக்குள் அவர்களுக்கு மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் இப்படிப் பிரிப்பது செல்லும் என்றது. அதற்கு நம்மிடமே முணுமுணுப்பு உண்டு. ஊரிடம் பங்கு கேட்கிறவன் தன் வரிசையில் பின்னால் நிற்கிறவனுக்குப் பங்கு தர மறுத்தால், கேட்கிற வாய்க்கு வலு இருக்காது. அதைப் போலவேதான் மானியத்திலும். வளவில் எழுதப்படிக்கத் தெரிந்த இரண்டு வீடே எல்லாத் திட்டத்தையும் வாங்குகிறது என்றால் அதையும் பேசத்தான் வேண்டும்.

இன்னொன்று நன்றி. 'கவர்மெண்டு இவ்வளவு செய்யுது, நன்றி இல்லையா?' என்பார்கள். நல்லது செய்த மனிதரை நினைப்பதில் தப்பில்லை. கிருஷ்ணனை நினைக்கிறோம். ஆனால் பங்குக்கு நன்றி கிடையாது. பங்கு வந்தால் எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும், அதுதான் மரியாதை. எண்ணாமல் வாங்குவது பிச்சை ஒன்றுதான்.

ஆந்திராவும் கர்நாடகாவும் இந்தப் பணத்துக்கு 2013இலேயே சட்டம் போட்டன. தமிழ்நாட்டில் 2024 ஜூனில்தான் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் நிறைவேறியது. கர்நாடகச் சட்டத்தில் பணத்தை வேறு வேலைக்குக் கணக்குக் காட்ட இடம் தந்த ஓர் உட்பிரிவை நீக்கவே பத்து வருசம் ஆனது, 2023 வரை. ஆகவே சட்டம் வந்துவிட்டது என்று உட்கார முடியாது. சட்டம் ஒரு மரக்கால். அளக்கிறவன் பக்கத்தில் நின்று எண்ணுகிறவன் வேண்டும்.

அந்த எண்ணுகிற வேலை நம்முடையது. கிராமசபை கூடுகிறபோது மனுவோடு மட்டும் போகாதீர்கள், கேள்வியோடும் போங்கள். போன வருசம் எங்க ஊருக்கு எவ்வளவு வந்துச்சு? எதுக்குச் செலவாச்சு? எவ்வளவு திரும்பிப் போச்சு? யார் கையெழுத்துல போச்சு? கடைசிக் கேள்விதான் முக்கியம். அதற்குப் பதிலாக ஒரு பதவியும் ஒரு தேதியும் சொல்லப்படுகிற வரைக்கும் விடக் கூடாது.

அந்தப் பாட்டியின் பேரப்பிள்ளைகள் தலையெழுத்து என்று சொல்ல மாட்டார்கள். யார் எழுதினது என்று கேட்பார்கள்.